இணைப்பு நிலை நிகழ்வுகள்

இணைப்பு நிலை நிகழ்வு என்பது, இரு கணினிகளுக்கு இடையிலான இணைப்பில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தைப் பற்றி இயங்குதளமோ நிரலகமோ செயலிக்குத் தரும் அறிவிப்பு ஆகும். "இணைந்தது", "மறுக்கப்பட்டது", "துண்டிக்கப்பட்டது", "நேரம் கடந்தது" என்பன இவ்வகை அறிவிப்புகள். உலாவி, அரட்டைச் செயலி, பணப் பரிமாற்றச் செயலி, இணையவழி விண்ணப்பப் படிவம் ஆகிய அனைத்தும் இவற்றை நம்பியே இயங்குகின்றன.

இந்த அறிவிப்புகள் தொலைவில் உள்ள கணினியின் உண்மை நிலையை நேரடியாகச் சொல்வதில்லை. நம் பக்கத்துக் கணினிக்கு வந்து சேர்ந்த பொதிகளிலிருந்தும், வந்து சேராத பொதிகளிலிருந்தும் பெறப்பட்ட அனுமானத்தையே அவை சொல்கின்றன. இதை உணராதபோதுதான் ஒரே கட்டணம் இருமுறை செலுத்தப்படுவதும், விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது என நம்பிக் கடைசி நாளைத் தவறவிடுவதும் நேர்கின்றன.

இணைப்பு என்பது என்ன?

இணையத்தில் இரு கணினிகளுக்கு இடையே தனிக் கம்பி எதுவும் இழுக்கப்படுவதில்லை. தரவு சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, பல திசைவிகளைக் கடந்து செல்கிறது. ஒரு பொதி தொலைந்து போகலாம். பின்னால் புறப்பட்டது முன்னால் வரலாம். இந்த ஒழுங்கின்மையின் மீது ஒழுங்கான ஓர் இணைப்பு இருப்பது போன்ற தோற்றத்தை உருவாக்குவது டிசிபி நெறிமுறை. இதன் அடிப்படைக் கருத்தை விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்டனர். 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணமாக இது வரையறுக்கப்பட்டது. இப்போது நடைமுறையில் உள்ள வரையறை, 2022 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 9293 ஆகும்.

டிசிபியில் இணைப்பு என்பது இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் நினைவகத்தில் வைக்கப்படும் குறிப்புதான். எந்த எண் வரை அனுப்பியாயிற்று, எந்த எண் வரை பெற்றாயிற்று, இப்போது என்ன நிலை என்பவை அக்குறிப்பில் இருக்கும். இடையில் உள்ள கம்பியை ஒரு நிமிடம் பிடுங்கிவிட்டு மீண்டும் செருகினாலும், ஐபி முகவரி மாறாதிருந்தால் இணைப்பு அப்படியே தொடர முடியும். மறுதலையாக, கம்பி நன்றாக இருந்தும் மறுமுனைக் கணினி தன் குறிப்பை இழந்துவிட்டால் இணைப்பு இல்லை.

மூவழிக் கைகுலுக்கல்

இணைப்பைத் தொடங்க மூன்று பொதிகள் பரிமாறப்படுகின்றன. தொடங்கும் கணினி "சின்" என்ற பொதியை அனுப்பும். வழங்கி "சின்-ஆக்" என்று பதில் தரும். தொடங்கிய கணினி "ஆக்" என்று ஒப்புகை அனுப்பும். இதன் பின்னரே இரு பக்கமும் "நிறுவப்பட்டது" என்ற நிலைக்கு வருகின்றன. முடிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் "ஃபின்" என்ற விடைபெறும் பொதியை அனுப்பி, அதற்கு ஒப்புகை பெற வேண்டும். மூடிய நிலை முதல் காத்திருப்பு நிலை வரை டிசிபி இணைப்புக்கு மொத்தம் 11 நிலைகள் வரையறுக்கப்பட்டுள்ளன.

முறையான முடிவுக்கு ஃபின் பயன்படுவது போல, முறையற்ற முடிவுக்கு "ரீசெட்" என்ற பொதி உண்டு. "நீங்கள் சொல்லும் இணைப்பு எதுவும் என்னிடம் இல்லை" என்பதே இதன் பொருள்.

நிலையும் நிகழ்வும்

நிலை என்பது ஒரு காலப்பகுதி முழுவதும் நீடிப்பது. நிகழ்வு என்பது ஒரு கணத்தில் நடப்பது. தமிழ் வினைமுற்றே இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும். "இணைந்தது" என்பது நிகழ்வு. "இணைந்துள்ளது" என்பது நிலை. மென்பொருளுக்கு நேரடியாகக் கிடைப்பவை பெரும்பாலும் நிகழ்வுகளே. கடைசியாகக் கிடைத்த நிகழ்வைக் கொண்டு, இப்போதைய நிலையை அது கணித்துக்கொள்கிறது.

காலை 10 மணிக்கு "இணைந்தது" என்ற நிகழ்வு வந்தது. அதன் பிறகு எந்த அறிவிப்பும் வரவில்லை. 11 மணிக்குத் திரையில் "இணைந்துள்ளது" எனப் பச்சை விளக்கு எரிகிறது. "10 மணிக்கு இணைந்தோம், அதன் பின் கெட்ட செய்தி ஏதும் வரவில்லை" என்பதற்கு மேல் அந்த விளக்குக்குப் பொருள் இல்லை. கெட்ட செய்தியைக் கொண்டுவர வேண்டிய பாதையே அறுந்திருந்தால், அந்தச் செய்தியும் வராது.

செயலிக்கு அறிவிப்பு வந்து சேரும் விதம்

செயலி வலையமைப்பை நேரடியாகத் தொடுவதில்லை. இயங்குதளத்திடம் "சாக்கெட்" என்ற வாயிலைப் பெற்று, அதன் வழியே எழுதவும் படிக்கவும் செய்கிறது. ஆயிரக்கணக்கான வாயில்களை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிய செயலிக்காக, "எந்த வாயிலில் ஏதாவது நடந்திருக்கிறது?" எனக் கேட்கும் வசதிகள் உருவாக்கப்பட்டன. 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்சில் வந்த "செலக்ட்", 2000-இல் ஃப்ரீபிஎஸ்டியில் வந்த "கேகியூ", 2002-இல் லினக்சில் சேர்ந்த "ஈபோல்" ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

இவை தரும் அறிவிப்பு "படிக்கத் தயார்" அல்லது "எழுதத் தயார்" என்ற சுருக்கமான வடிவில் இருக்கும். மாணவர்கள் தடுமாறும் மூன்று இடங்கள் இங்கே உள்ளன.

முதலாவது, "எழுதத் தயார்" என்பது வெற்றியைக் குறிக்காது. காத்திராமல் இணையும் முறையில், இணைப்பு முயற்சி முடிந்துவிட்டது என்று மட்டுமே அது சொல்கிறது. வெற்றியா தோல்வியா என்பதை அறிய, சாக்கெட்டின் பிழை நிலையைத் தனியே கேட்க வேண்டும்.

இரண்டாவது, படிக்கும்போது 0 பைட்டு கிடைப்பதும், "இப்போது எதுவும் இல்லை" என்ற பதில் கிடைப்பதும் ஒன்றல்ல. பின்னது, இன்று கடிதம் வரவில்லை என்பது போன்றது. முன்னது, "இனி எழுதமாட்டேன்" என்று ஒரு கடிதம் வந்திருப்பது போன்றது. 0 பைட்டு வந்தால் மறுமுனையிலிருந்து ஃபின் வந்துவிட்டது எனப் பொருள்.

மூன்றாவது, எழுதும் கட்டளை வெற்றி பெற்றது என்றால் தரவு போய்ச் சேர்ந்தது என்று பொருள் அல்ல. இயங்குதளத்தின் தற்காலிகச் சேமிப்பில் அது நகலெடுக்கப்பட்டது என்றே பொருள். கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டதற்கும், பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை கையொப்பத்துடன் திரும்பி வந்ததற்கும் உள்ள வேறுபாடு இதில் உண்டு. டிசிபியின் ஒப்புகைகூட மறுமுனை இயங்குதளம் பெற்றதற்கே சான்று. அங்குள்ள செயலி அதைப் படித்துச் செயல்பட்டதற்குச் சான்று அல்ல. அந்தச் சான்றை, அந்தச் செயலியே எழுதி அனுப்பும் பதிலால் மட்டுமே தர முடியும்.

முக்கிய அறிவிப்புகளும் அவற்றின் பொருளும்

கீழே தரப்பட்டுள்ள எண்கள் லினக்சு இயங்குதளத்தின் பிழை எண்கள் ஆகும்.

- இணைப்பு மறுக்கப்பட்டது (111): சின் பொதிக்கு ரீசெட் பதிலாக வந்தது. பெரும்பாலும், கணினி இயங்குகிறது, ஆனால் கேட்ட போர்ட்டில் எந்தச் செயலியும் காத்திருக்கவில்லை என்பதே காரணம். சில தீயரண்களும் இவ்வாறு மறுப்பதுண்டு. இது கெட்ட செய்தியானாலும் உறுதியான செய்தி, உடனே கிடைப்பது.
- நேரம் கடந்தது (110): பதிலே வரவில்லை. கணினி அணைந்திருக்கலாம், பாதை அறுந்திருக்கலாம், தீயரண் பொதியைச் சத்தமின்றி வீசியெறிந்திருக்கலாம்.
- வலையமைப்பை எட்ட முடியவில்லை (101), கணினியை எட்ட முடியவில்லை (113): செல்லும் பாதை இல்லை என்று தன் கணினியோ இடையிலுள்ள திசைவியோ கூறியது, அல்லது அதே உள்வலையமைப்பில் அந்த முகவரிக்கு யாரும் பதில் தரவில்லை.
- மறுமுனை இணைப்பை முறித்தது (104): நிறுவப்பட்ட இணைப்பின் நடுவே ரீசெட் வந்தது.
- உடைந்த குழாய் (32): இனி ஏற்க முடியாது என்று ஏற்கெனவே தெரியவந்துவிட்ட இணைப்பில் செயலி மீண்டும் எழுத முயன்றது.

"நேரம் கடந்தது" என்ற அறிவிப்பு வெளிவர ஆகும் காலமும் கவனிக்கத்தக்கது. லினக்சின் நீண்டகால இயல்பு அமைப்பில், பதிலில்லாத சின் பொதி 6 முறை மறுபடி அனுப்பப்படும். காத்திருப்பு 1, 2, 4, 8, 16, 32, 64 நொடிகள் என இரட்டித்துக்கொண்டே போகும். கூட்டினால் 127 நொடிகள். இணைப்பு நிறுவப்பட்ட பிறகு அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராவிட்டால், இயல்பு அமைப்பில் சுமார் 15 நிமிடங்கள் வரை முயன்ற பிறகே லினக்சு கைவிடும். செயலி தனக்கென ஒரு நேர வரம்பை வைத்துக்கொள்ளாவிட்டால், அதுவரை திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெயரிலிருந்து முகவரியைக் கண்டறியும் டிஎன்எஸ் கட்டத்தில் ஏற்படும் தோல்வி இவற்றிலிருந்து வேறானது. அங்கே இணைப்பு முயற்சி தொடங்கவே இல்லை.

அறிவிக்கப்படாத துண்டிப்பு

மறுமுனையில் ஒரு நிரல் செயலிழந்தால், அதன் இயங்குதளம் உயிருடன் இருப்பதால் ஃபின் அல்லது ரீசெட் பொதியை அனுப்பிவிடும். மின்சாரம் போனாலோ, கம்பி அறுந்தாலோ அனுப்ப ஆளில்லை. அப்போது ஒரு பக்கம் மட்டும் இணைப்பு உள்ளதாக எண்ணிக்கொண்டிருக்கும். இது "அரைத் திறப்பு" நிலை எனப்படும். மின்சாரம் போன கணினி மீண்டும் எழுந்த பின் பழைய இணைப்புக்கான பொதி ஒன்று வந்தால், அது ரீசெட் அனுப்பும். ஆனால் இந்தப் பக்கம் எதையும் அனுப்பாமல், வரும் தரவுக்காகக் காத்திருக்க மட்டுமே செய்தால், உண்மை ஒருபோதும் தெரியவராது.

இதற்காக "உயிர்ப்புச் சோதனை" என்ற வசதி டிசிபியில் உள்ளது. செயலி கேட்டால் மட்டுமே இது இயங்கும். 1989-இல் வெளியான ஆர்எஃப்சி 1122, இதன் இயல்பு இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என விதித்தது. லினக்சில் இணைப்பு 7,200 நொடிகள் அமைதியாக இருந்த பின் முதல் சோதனைப் பொதி புறப்படும். பிறகு 75 நொடிகளுக்கு ஒன்றாக, மொத்தம் 9 சோதனைகள். அனைத்தும் பதிலற்றுப் போனால்தான் துண்டிப்பு அறிவிக்கப்படும். அதாவது, அமைதியாக இருந்த இணைப்பு அறுந்ததைச் செயலி அறிய 2 மணி 11 நிமிடம் 15 நொடி ஆகலாம்.

வீட்டுத் திசைவிகளும் கைபேசி வலையமைப்புகளும் செய்யும் முகவரி மாற்றம் மற்றொரு சிக்கல். பேச்சில்லாத இணைப்புகளின் குறிப்பை அவை சிறிது காலத்தில் மறந்துவிடக்கூடும். இரு முனைகளும் நலமாக இருந்தும் நடுவில் இருப்பவர் மறந்துவிட்டதால் பொதிகள் சேராமல் போகும்.

இதயத்துடிப்பு

இக்காரணங்களால் பல செயலிகள் தமக்கென ஓர் "இதயத்துடிப்பு" வைத்துக்கொள்கின்றன. குறித்த இடைவெளியில் சிறு செய்தி ஒன்றை அனுப்பிப் பதிலை எதிர்பார்ப்பதே இது. 2011 டிசம்பரில் வரையறுக்கப்பட்ட வெப்சாக்கெட் நெறிமுறையில் இதற்காகவே "பிங்", "பாங்" என்ற சட்டகங்கள் உள்ளன.

உணரிகளையும் சிறு கருவிகளையும் இணைக்கும் எம்க்யூடிடி நெறிமுறையில் இது மேலும் தெளிவாக அமைந்துள்ளது. கருவி இணையும்போதே தன் துடிப்பு இடைவெளியைச் சொல்லிவிடும். அந்த இடைவெளியைப் போல் ஒன்றரை மடங்கு நேரம் எந்தச் செய்தியும் வராவிட்டால், வழங்கி இணைப்பை முடித்துவிட வேண்டும். 60 நொடி என்று சொன்ன கருவிக்கு 90 நொடி வரை பொறுமை. கருவி இணையும்போதே "நான் விடைபெறாமல் மறைந்தால் இதை அறிவிக்கவும்" என்று ஒரு செய்தியை ஒப்படைத்தும் வைக்கலாம். உயில் போன்ற இச்செய்தியை வழங்கி உரியவர்களுக்கு வெளியிடும். கருவி முறைப்படி விடைபெற்றால் வெளியிடாது.

இடைவெளியைக் குறைத்தால் துண்டிப்பு விரைவில் தெரியும்; ஆனால் மின்கலமும் தரவும் செலவாகும். சற்றே தாமதித்த இணைப்பையும் இறந்ததாகத் தவறாக அறிவிக்க நேரும். "இறந்துவிட்டது" என்பதற்கும் "மெதுவாக இருக்கிறது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வெளியிலிருந்து முழு உறுதியுடன் அறிய வழியில்லை. எந்த இடைவெளியும் ஒரு சமரசமே.

உலாவியிலும் கைபேசியிலும்

உலாவி இணையப்பக்கங்களுக்கு "ஆன்லைன்", "ஆஃப்லைன்" என்ற நிகழ்வுகளைத் தருகிறது. ஆஃப்லைன் என்று சொன்னால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். ஆன்லைன் என்பது, கணினி ஏதோ ஒரு வலையமைப்பில் உள்ளது என்ற அளவுக்கே உறுதி. திசைவிக்கு அப்பால் இணையம் இல்லாதபோதும் அவ்வாறே காட்டலாம்.

வெப்சாக்கெட் மூடப்படும்போது ஒரு குறி எண் கிடைக்கும். 1000 என்றால் இயல்பான முடிவு. 1001 என்றால் வழங்கி நிறுத்தப்படுகிறது அல்லது பயனர் பக்கத்தைவிட்டு நீங்கினார். அடிக்கடி காணப்படும் 1006 இவற்றைப் போன்றதல்ல. அது வலையமைப்பின் வழியே ஒருபோதும் அனுப்பப்படாத எண். விடைபெறும் செய்தி வராமலே இணைப்பு முடிந்தது என்பதைக் குறிக்க, பெறும் பக்கமே அதை இட்டுக்கொள்கிறது. எனவே "வழங்கி 1006 அனுப்பியது" என்று எழுதுவது பிழை. தோல்வியின் விரிவான காரணத்தை உலாவி பக்கத்தின் நிரலுக்குச் சொல்வதில்லை. சொன்னால், தீய நோக்குள்ள பக்கம் ஒன்று பயனரின் உள்வலையமைப்பை வேவு பார்க்க அது உதவிவிடும்.

கைபேசியும் மேசைக் கணினியும் வைஃபையில் சேர்ந்ததும், உண்மையில் இணையம் உண்டா எனத் தனியே சோதிக்கின்றன. ஆண்ட்ராய்டு ஒரு குறிப்பிட்ட முகவரியைக் கேட்டு, உள்ளடக்கம் இல்லை எனப் பொருள்படும் 204 என்ற பதிலை எதிர்பார்க்கிறது. விண்டோஸ் ஒரு சிறு உரைக்கோப்பைப் பெற்று, அதன் வாசகத்தை ஒப்பிடுகிறது. தொடர்வண்டி நிலையத்திலோ விடுதியிலோ வைஃபையில் சேர்ந்ததும் உள்நுழைவுப் பக்கம் தானாகத் திறப்பது இதனால்தான். எதிர்பார்த்த பதிலுக்குப் பதில் வேறொன்று வந்தது என்பதிலிருந்து, இடையில் ஒரு வாயில் உள்ளதைக் கருவி கண்டுகொள்கிறது.

நேரம் கடந்தது: தெரியாத விளைவு

எல்லா அறிவிப்புகளிலும் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுவே. கோரிக்கை அனுப்பிய பிறகு நேரம் கடந்தால், மூன்று வாய்ப்புகள் உள்ளன. கோரிக்கை போய்ச் சேரவே இல்லை. சேர்ந்து, வேலை இன்னும் முடியவில்லை. வேலை முடிந்து, பதில் திரும்பும் வழியில் தொலைந்தது. அனுப்பியவர் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி தெரியும். ஆகவே நேரம் கடந்தது என்றால் தோல்வி என்று பொருள் அல்ல. விளைவு தெரியவில்லை என்றே பொருள்.

செய்திகள் தொலையக்கூடிய பாதையில், இரு தரப்பும் ஒரு முடிவை முழு உறுதியுடன் ஒத்துக்கொள்ள எந்த நெறிமுறையாலும் முடியாது என்பது கணினி அறிவியலில் நிறுவப்பட்ட உண்மை. 1975-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற்ற இச்சிக்கலுக்கு, ஜிம் கிரே 1978-இல் "இரு தளபதிகள்" என்ற பெயரைத் தந்தார். ஒப்புகைக்கு ஒப்புகை, அதற்கும் ஓர் ஒப்புகை என எத்தனை சேர்த்தாலும், கடைசியாக அனுப்பியது சேர்ந்ததா என்ற ஐயம் எஞ்சும்.

நடைமுறைத் தீர்வு, மறுமுயற்சியைத் தீங்கற்றதாக்குவதுதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்த எண் ஒன்றை இட்டால், அதே எண்ணுடன் இரண்டாம் முறை வருவதை வழங்கி அடையாளம் கண்டு, வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே தரலாம். எச்டிடிபி நெறிமுறையில் "கெட்", "புட்" ஆகிய கோரிக்கைகள் பலமுறை செய்தாலும் ஒருமுறை செய்த விளைவையே தர வேண்டும் என வரையறுக்கப்பட்டுள்ளன. "போஸ்ட்" அவ்வாறு வரையறுக்கப்படவில்லை. படிவத்தை அனுப்பிய பின் பக்கத்தைப் புதுப்பித்தால் உலாவி "மீண்டும் அனுப்பவா?" என்று கேட்பது அதனால்தான்.

இந்தியாவின் யுபிஐ பணப் பரிமாற்றத்தில் "நிலுவையில்" எனக் காட்டப்படுவதும் இத்தகைய தெரியாத விளைவின் வெளிப்பாடே. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் கணக்கில் கழிக்கப்பட்டும் பெறுநருக்குச் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் தானாகத் திருப்பப்பட வேண்டும். கடைக்குச் செலுத்திய பணமாக இருந்து, கடைக்காரருக்கு உறுதிப்பாடு கிடைக்கவில்லையெனில் 5 நாட்கள் அவகாசம். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. எனவே நிலுவையில் எனக் கண்டவுடன் மீண்டும் அனுப்பாமல், பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, கணக்கு இருப்பையும் பரிவர்த்தனை நிலையையும் பார்ப்பதே முறை. இணையவழி விண்ணப்பங்களிலும் பதிவு எண்ணோ ஒப்புகைச் சீட்டோ கிடைத்தால் மட்டுமே விண்ணப்பம் சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும். அனுப்பும் பொத்தானை அழுத்தியதோ, பிழைச்செய்தி வராததோ சான்று ஆகாது.

நிரலர்கள் கவனிக்க வேண்டியவை

- ஒவ்வொரு "இணைந்தது" நிகழ்வுக்கும் ஒரே ஒரு "முடிந்தது" நிகழ்வு வர வேண்டும். முடிந்ததை இருமுறை அறிவித்தால், ஏற்கெனவே விடுவித்த வளங்களை மீண்டும் விடுவிக்கும் பிழை உண்டாகும்.
- இணைந்தது, அடையாளம் சரிபார்க்கப்பட்டது, வேலைக்குத் தயார் ஆகியவை மூன்று தனி நிலைகள். முதலாவதை வைத்து மூன்றாவதை அறிவிக்கக் கூடாது.
- மறு இணைப்பு முயற்சிகளின் இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டி, அதில் சிறிது தற்செயல் மாறுபாட்டையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், வழங்கி மீண்டு எழும் கணத்தில் எல்லாக் கருவிகளும் ஒருசேர மோதி அதை மறுபடி வீழ்த்தும்.
- பதிவுக் கோப்பில் நிகழ்வின் பெயருடன் நேரம், மறுமுனை முகவரி, பிழை எண், முடித்தது எந்தப் பக்கம் ஆகியவற்றையும் எழுத வேண்டும்.

பயனருக்கான செய்திகள்

மேற்கண்ட நிகழ்வுகள் அனைத்தையும் "இணைப்பு தோல்வி" என்ற ஒரே தொடரால் சுட்டினால், பயனர் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பது மறைந்துவிடும். மறுக்கப்பட்டது என்றால் சேவை இயங்கவில்லை; சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம். எட்ட முடியவில்லை என்றால் முதலில் தன் பக்கத்து வலையமைப்பைப் பார்க்க வேண்டும். நேரம் கடந்தது என்றால், மீண்டும் முயலும் முன் முதல் முயற்சி நிறைவேறியதா எனச் சரிபார்க்க வேண்டும். மென்பொருளைத் தமிழாக்குவோர் இந்த மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்துவதும், விளைவு தெரியாத இடத்தில் "தோல்வி" என்று எழுதாமல் "பதில் கிடைக்கவில்லை, நிலையைச் சரிபார்க்கவும்" என்று எழுதுவதும் பயனரின் பணத்தையும் நேரத்தையும் காக்கும்.